கீழிறங்கும் பட்டியல்

கொரியாவுக்கும் குவைத்துக்கும் நடுவே
ஒரு மில்லிமீட்டர் வெண்மை.
நான் பிறந்தது அங்கே.

பிரிஸ்டினாவில் பதினொரு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன்,
சுவிஸ் ஓட்டல்களுக்கு, நார்வேப் பல் மருத்துவர்களுக்கு,
ஒருமுறை, வெட்கத்தோடு, ஒரு சூதாட்டக் கம்பெனிக்கு.
சம்பளத்தோடு கருத்துகளும் சேர்ந்துவிட்டன.
பெஸ்னிக் சொல்வான்:
"உன் நிரலைவிட உன் கருத்துகளில் பிழை அதிகம், தெவுதா."

இருக்கட்டும்.
பெயரில் இடைவெளி கூடாது என்று விதித்தவனுக்கு
இரண்டு பெயர் வைத்த அம்மா இருந்திருக்கமாட்டாள்.
'பிறகு திருத்தலாம்' என்று நிரலில் எழுதி வைக்கிறோமே,
அது ஒப்பந்தங்களிலும் உண்டு.
அங்கே அதன் பெயர் 'இடைக்கால ஏற்பாடு'.
இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
மக்கியாட்டோவை ரோமிலும் குடித்தேன், மிலானிலும் குடித்தேன்.
எங்களுடையதுதான் மேல்.
இதில் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை.

லிஸ்பன் ஓட்டலில்
வரவேற்பாளருக்குப் பதிலாக ஒரு திரை நின்றது.
நாடு? என்றது. நட்சத்திரக் குறி, கட்டாயம்.
பெட்டியோடு, பசியோடு,
பின்னால் ஒரு டச்சுக் குடும்பம் பெருமூச்சு விட
மொனாக்கோ என்று போட்டேன்.
முழுப் பொய் என்று சொல்ல முடியாது.
ஒரு காலத்தில் எங்கள் கைபேசிகள் மொனாக்கோவின் எண்ணைக் கடன் வாங்கியிருந்தன.
குடைமிளகாய் விலை சொல்ல
அப்பா ஜாகோவாவிலிருந்து கூப்பிட்டாலும்
எண்ணின் தலையில் ஓர் இளவரசரின் கடற்கரை.

ஓட்டலுக்கு எழுதினேன்.
பதில் வந்தது, பணிவாக, ஒரே வரியில்:
"நாங்கள் தரநிலையைப் பின்பற்றுகிறோம்."
தரநிலை!
கை கழுவும் தண்ணீருக்கு
இந்தக் காலத்தில் வைத்த பெயர்.

ஆகவே, போன இலையுதிர் காலத்தில்
சுவிஸ்காரர்களின் முன்பதிவுப் படிவம் என் கைக்கு வந்தபோது
கொரியாவுக்கும் குவைத்துக்கும் நடுவே
ஒரு வரி சேர்த்தேன்.
மாற்றக் குறிப்பில் எழுதியது: 'பிழை திருத்தம்.'
யாரிடமும் கேட்கவில்லை.
அன்று மாலை பெஸ்னிக்குக்கு நான்தான் பீர் வாங்கிக் கொடுத்தேன்.
காரணம் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு புகார், எண் 4471.
ஹர்கெய்சாவிலிருந்து ஹோதான் வர்சாமே:
"அன்புள்ள தெவுதா,
பட்டியலில் சோமாலிலாந்து இல்லை.
சோமாலியா என்று போட்டால்
என் கையிலிருக்கும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது.
உங்கள் கையொப்பத்தின் கீழே பிரிஸ்டினா என்று பார்த்தேன்.
உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்."

வின்டர்தூரிலிருந்து ரேட்டோ திரையில் வந்தார்.
நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர்.
"ஒன்றைச் சேர்த்தால் அப்காசியா வரும்,
வட சைப்ரஸ் வரும், நாளைக்குக் கற்றலோனியா.
நாம் அறைகள் விற்கிறோம், தெவுதா.
தரநிலை என்று எழுதிவிடுங்கள்."
கொஞ்ச நேரம் மௌனம்.
"அப்புறம், உங்களுடையதை நான் பார்க்கவில்லை."

அந்த ஐந்தாவது வினாடியில்தான்
என் நாடு ஒரு சலுகை ஆனது.

பெட்டியைக் காலியாகவே விட்டுவிடலாம்,
அவரவர் நாட்டை அவரவரே எழுதட்டும் என்றேன்.
"ஜெர்மனியை ஒன்பது விதமாக எழுதுவார்கள்," என்றான் பெஸ்னிக்.
சரியாகத்தான் சொன்னான்.
போன மாதம்வரை நானும் அதையே சொல்லியிருப்பேன்,
இன்னும் உரக்க.

'அன்புள்ள ஹோதான், நாங்கள் தர' வரை தட்டினேன்.
வெளியே காகங்கள்,
ஒவ்வொரு குளிர்காலமும் போல
நகரத்தின் எல்லா மரங்களுக்கும் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தன.
ஒபிலிச்சிலிருந்து நிலக்கரி வாடை.
ஜன்னலைச் சாத்தினேன்.

இருபத்து மூன்று நாளாகிறது.
புகார் திறந்தே கிடக்கிறது, என் பெயரில்.
மூடினால் என் மாதச் சராசரி உயரும்.
தினமும் காலை ஒன்பது மணிக்கு
"நிலுவையில் ஒன்று உள்ளது" என்று
அமைப்பு நினைவூட்டுகிறது.

அந்த நினைவூட்டலையும்
எழுதியவள் நான்தான்.
அணைக்கும் பொத்தான் வைக்கவில்லை.
அது தேவைப்படாது என்பது
அப்போது என் கருத்து.